குப்புறப் படுத்த இருபது நிமிடம்

முதுகெலும்பு என்று ஓர் எலும்பு கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக நம்பி, அதன் மேல் சாய்ந்து, அதைக் குறை சொல்லி, அது நிமிர்ந்திருப்பதை ஒழுக்கத்தோடு சேர்த்துப் பேசி, கோடிக்கணக்கானவர்கள் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள் என்பது மிகுந்த வருத்தத்துக்குரிய செய்தி. இருப்பவை முப்பத்து மூன்று சிறு எலும்புகள். இருபத்து நான்கு தனித்தனியே அசையும். அடுத்த ஐந்து வாலிபத்தில் மனம் மாறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முக்கோணமாகிவிடும். கடைசி நான்கும் வால் வைத்திருந்த காலத்தின் ஞாபகமாகச் சும்மா இருக்கும். அந்த முக்கோணத்துக்குத் திருவெலும்பு என்று பெயர். அதில் என்ன திரு என்பதைப் பற்றிப் படித்தவர்களிடையே ஒற்றுமை இல்லை. அம்சவேணிக்கு வலித்தது அங்கேதான். திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில், இடது பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு. அந்த அகலத்தில் ஓர் ஊரே குடியிருப்பதுபோல இரண்டு மாதமாக ஓயாத நடமாட்டம். உட்கார்ந்தால் ஒருவர் வெளியே வந்தார், எழுந்தால் நான்கு பேர் வந்தார்கள், புரண்டு படுத்தால் திருவிழா.

இப்போது அந்த ஊர் அமைதியாக இருந்தது. வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணி. பீளமேட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில், கையால் முதுகு வைத்தியம் பார்க்கும் கைரோபிராக்டர் நஸ்ரினின் மேஜை மேல் முப்பத்தாறு வாரக் கர்ப்பிணியான அம்சவேணி குப்புறப் படுத்திருந்தாள். குப்புற. அந்தச் சொல்லையே ஐந்து மாதமாக மறந்திருந்தாள். மேஜையின் நடுப்பகுதியை நஸ்ரின் ஏதோ ஒரு பிடியைத் திருகிக் கீழே இறக்கியதும் வயிற்றுக்கென்று ஒரு பள்ளம் உண்டானது. சுற்றிலும் மெத்தை, நடுவில் பள்ளம், பள்ளத்தில் வயிறு. தூளியில் போட்டதுபோல வயிறு தனியாகத் தொங்கியது, அவளுடையது இல்லை என்பதுபோல, யாரோ சற்று நேரம் வாங்கி வைத்துக்கொண்டதுபோல. மூச்சு விட்டாள். மூச்சு எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. சின்ன வயதில் வாய்க்கால் மதகு மேல் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், தண்ணீர் நின்றுவிடும், மதகு நகர ஆரம்பிக்கும், மதகோடு அவளும் நகர்ந்து எங்கோ போவாள். இந்த மேஜையும் நகர்ந்தது. மருந்துக் கடையை விட்டு, அவினாசி சாலையை விட்டு, பஸ்களின் ஹாரனை விட்டு. “இனிமேதான் ஆரம்பிக்கப் போறேன், முறிக்க மாட்டேன், பயப்படாதீங்க,” என்று நஸ்ரினின் குரல் கரையிலிருந்து வந்தது. முறிப்பது என்றதும் மேஜை நின்றுவிட்டது. போனில் பார்த்த வீடியோக்கள். கழுத்தைத் திருப்பினால் சடக், இடுப்பைத் திருப்பினால் சடசட. அது எலும்பு முறிகிற சத்தம் இல்லை, மூட்டுக்குள் இருக்கும் நீரில் ஒரு காற்றுக் குமிழி உண்டாகிற சத்தம் என்று அவளும் படித்திருக்கிறாள். படித்ததெல்லாம் நிமிர்ந்து நிற்கும்போது நினைவுக்கு வரும். குப்புறப் படுத்தால் சடக் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

முகத்துக்கும் ஒரு துவாரம் இருந்தது. மெத்தை வைத்த வளையத்துக்குள் நெற்றியையும் கன்னங்களையும் பொருத்திக்கொண்டால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரு முழ அகலத் தரை. வெள்ளை டைல்ஸ், அதில் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல், கீறலுக்குப் பக்கத்தில் நஸ்ரினின் பாதங்கள். சாக்ஸ் போட்டிருந்தாள், மஞ்சள் வாத்துகள் போட்ட சாக்ஸ். இவ்வளவு படித்த பெண் வாத்து போட்டிருக்கிறாளே என்பது அம்சவேணிக்கு ஆறுதலாக இருந்தது. ஏழு வருடமாக ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து, கண்ணாடியில் இருக்கும் அரைவட்டத் துவாரத்தின் வழியே உலகத்தைக் கைகளாகவே பார்த்தவள் அவள். நடுங்கும் கை, மருதாணிக் கை, கிரீஸ் படிந்த கை, படிவத்தை நீட்டிவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும் கை. முகத்தைப் பார்க்காமலே யார் மகனைப் பார்க்கப் போகிறார்கள், யார் மகனிடம் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். இப்போது கைகள் முதுகுக்கு மேலே எங்கோ இருந்தன, துவாரத்தில் கால்கள். உலகம் தலைகீழாகிவிட்டது. இல்லை, உலகம் நேராகத்தான் இருக்கிறது, வயிற்றுக்குள் தலைகீழாக வேண்டியவன் ஆகாமல் இருக்கிறான். அவனோ அவளோ. தலையை மேலே வைத்து, கால்களைக் கீழே நீட்டி, லோயர் பெர்த்தில் தலைமாடு கால்மாடு மாறிப் படுத்த பயணிபோல. ஸ்கேன் எடுத்த பெண் கருவியை அப்படியும் இப்படியும் தேய்த்துவிட்டு, “இன்னும் கால்தான் கீழ இருக்குங்க,” என்றாள், சீட் இல்லை என்று இவள் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கும் அதே குரலில்.

வாத்துகள் நகர்ந்தன. நஸ்ரின் அவளுடைய இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். “இடது கொஞ்சம் குட்டையா காட்டுது. கால் குட்டையில்ல, இடுப்பு இறுகிப் பிடிச்சிருக்கு.” கட்டைவிரல் வந்து சரியாக அந்த ஊரின் நடுவில் நின்றது. யாரிடமும் வழி கேட்காமல் எப்படி வந்தது? அழுத்தவில்லை, நின்றது. பிறகு இடுப்புக்கு அடியில் இருந்த மேஜைத் துண்டு, அப்படி விழுவதற்கென்றே செய்தது, ஓர் அங்குலம் கீழே விழுந்தது. டக். அவ்வளவுதான். அம்சவேணி பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வலி வரவில்லை. வலிக்குப் பதிலாக நாளைய தினம் வந்தது. நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்குப் பெரிய டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும். பனிக்குடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்ப்பதற்கில்லை, இருபத்தைந்தாம் தேதி வைத்து ஆப்பரேஷன் செய்துவிடலாம், வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லத்தான் அவள் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவ வலி வரட்டும், காத்திருந்து பார்க்கிறேன், அது திரும்பினாலும் திரும்பும். வெயிட்டிங் லிஸ்ட் கடைசி நேரத்தில் நகர்வதில்லையா? நகரும் என்று கவுண்டரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். நகராமல் போனவர்கள் திரும்பி வந்து சொன்னதில்லை. ஆப்பரேஷன் என்றால் முதுகில் ஊசி. உட்கார வைத்து, குனியச் சொல்லி, இந்த முப்பத்து மூன்றில் ஏதோ இரண்டுக்கு நடுவில். அக்காவுக்குப் போட்டார்கள். அக்கா பதினோரு வருடமாக அந்த ஊசியின் மேல் பழி போட்டுக் குடத்தைத் தூக்காமல் இருக்கிறாள். அக்கா அதற்கு முன்பும் குடம் தூக்கியதில்லை என்பது வேறு விஷயம். ஊசிக்கும் அந்த வலிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் விளக்கினார், படம் போட்டுக் காட்டினார், அந்தப் படத்தில் ஊசி அவ்வளவு நீளமாக இருந்தது. வாட்ஸப்பில் அக்காதான் இதையும் அனுப்பினாள்: கைரோபிராக்டிக் பண்ணினா குழந்தை திரும்பிருமாம்டி. நஸ்ரினிடம் போனில் நேரம் வாங்கும்போதே கேட்டாயிற்று. “அது என் கையில இல்லைங்க, முதுகு வலிக்கு மட்டும்தான் நான்,” என்றாள். கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே நம்பினாள். அந்த டக்கில் ஏதாவது திரும்பியிருக்குமோ என்று வயிற்றைக் காது கொடுத்துக் கேட்டாள். வயிறு பள்ளத்தில் உறங்கியது.

காசு கொடுத்துக் கையால் செய்துகொள்ள வந்திருக்கிறாள். வீட்டிலேயே காலால் இலவசமாக நடந்திருக்கும். இந்த நினைப்பு வந்ததும் முதுகு கொஞ்சம் இறுகியது, நஸ்ரின்கூட, “என்ன, தளர்த்துங்க,” என்றாள். கைரோ என்றால் கிரேக்க மொழியில் கை. கால் வைத்தியத்துக்குக் கிரேக்கர்கள் பெயர் வைத்தார்களா தெரியவில்லை. மாமியார் வேலாத்தாள் காலால் பிறந்தவள். காலால் பிறந்தவர்களின் கால் பட்டால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது சிங்காநல்லூரில் அவர்கள் வீதிக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறும் வயிற்றோடு, பிடித்துக்கொண்டவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவராகத் தரையில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வேலாத்தாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இடது பாதத்தால் மூன்று முறை தொடுவாள். உதை என்பது பெயருக்குத்தான், பூனை வாலால் தடவுவதுபோல இருக்கும் என்பார்கள். எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நன்றி சொல்லக்கூடாது, வரேன் என்றும் சொல்லக்கூடாது. மில் மேஸ்திரி வருவார், பேங்க் மேனேஜர் வந்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் அம்சவேணி கட்டிலிலிருந்து எழ முடியாமல் திணறியபோது, “ஒருக்கா தொட்டு உடட்டுமா அம்மிணி?” என்று அத்தை கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான். “உங்ககிட்ட ஒத வாங்கறதுக்கா அத்தை நான் கல்யாணம் பண்ணிட்டு வந்தேன்?” அவ்வளவுதான் சொன்னது. ஜோக். புருஷன்கூடச் சிரித்தான். அத்தையும் சிரித்தாளா? வாய் சிரித்தது. அன்றிலிருந்து அத்தை உட்காரும்போது சேலையை இழுத்து இடது பாதத்தை மூடிக்கொள்கிறாள். டிவி பார்க்கும்போதும் மூடி, வெங்காயம் உரிக்கும்போதும் மூடி. மூடாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது அங்கே ஒரு கால் இருப்பது.

ஆனால் ஸ்கேன் முடிந்து வந்த அன்று மூடவில்லை. கால் கீழே இருக்கிறது என்று சொன்னதும் அத்தை குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வை அம்சவேணியின் மனசில் முள்ளில் சிக்கிய துணிபோல நின்றுவிட்டது, எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கே வந்து மாட்டியது. எதிர்வீட்டு சாவித்திரி வந்து, “வேலாத்தாக்கா, உங்களுக்கு வாரிசு வந்தாச்சாட்ட இருக்குது! இனி ஞாயித்துக்கெழமை ரெண்டு காலு!” என்று கை கொட்டினாள். அத்தை, “போ புள்ள, வேற வேலையில்ல உனக்கு,” என்று உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தை மறைக்கத்தான் போனாள். வேறு எதற்குப் போவாள்? அம்சவேணி மனசுக்குள் ஒரு குழந்தையைப் பார்த்தாள், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தூக்கம், அதன் இடது காலுக்கு மட்டும் கொலுசு, வெளியே மேஸ்திரிகளின் வரிசை. அது தன் வயிற்றில் திரும்பாமல் இருப்பதே பாட்டியும் பேரனும் பேசி வைத்துக்கொண்டதுபோலத் தோன்றியது. அதற்காகவும் அது திரும்ப வேண்டும். இன்றைக்கு அத்தை கூடவே கிளம்பி வந்ததும் அதனால்தான், திருப்பிவிடப் போகிறார்களா என்று பார்க்க. வந்தவள் உள்ளே வரவில்லை, “எலும்ப முறிக்கறத நான் பாக்கோணுமா?” என்று வெளியே பெஞ்சில், காலை மூடிக்கொண்டு, உட்கார்ந்திருந்தாள். டக். இன்னொரு முறை மேஜை விழுந்தது. இந்த முறை அம்சவேணி பல்லைக் கடிக்கவில்லை. இடுப்புக்கு அடியில் எங்கோ ஒரு கதவு, மழைக்காலத்தில் உப்பிப் போன கதவு, விட்டுக்கொடுத்தது. தூக்கம் கீழேயிருந்து, டைல்ஸின் கீறலிலிருந்து, புகையாக வந்தது. வாத்துகள் நீந்தின.

கதவு திறந்தது. நிஜக் கதவு. “அய்யோ சாமி, குப்புறப் போட்டுட்டீங்களே! புள்ள நசுங்கிப் போயிராதுங்களா?” அத்தை. “இங்க பாருங்கம்மா, கீழ பள்ளம் இருக்கு. வயித்து மேல பாரமே இல்ல. கைய விட்டுப் பாருங்க.” மேஜைக்கு அடியில் ஒரு கை நுழைந்து, வயிற்றைத் தொடாமல், அதற்குக் கீழே இருக்கும் காற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. “அட, ஆமாங். ஊஞ்சலாட்டத் தொங்குது.” பிறகு துவாரத்தில் அத்தையின் பாதங்கள் வந்தன. வெறும் பாதங்கள். குதிகாலில் வெடிப்பு, இடது பெருவிரல் நகம் கொஞ்சம் கோணல். மூடாத இடது பாதம். இவ்வளவு கிட்டத்தில் அதை அம்சவேணி பார்த்ததே இல்லை. “தண்ணி கொண்டாந்தனுங். தூங்கிட்டாளுங்களா?” “தூங்கட்டும். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லன்னாங்க.” தூங்கவில்லை அத்தை என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் மெத்தைக்குள் இருந்தது, மெத்தை சொகமாக இருந்தது. சொல்லவில்லை.

“ஏனுங் டாக்டரம்மா,” குரல் தாழ்ந்தது, “புள்ளயத் திருப்பி உட்ருவீங்கன்னு இவளோட அக்கா சொல்லுச்சு. திரும்பிருங்களா?” அம்சவேணி கீறலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கேட்கிறாள் பார், எதற்காகக் கேட்கிறாள். “இல்லம்மா. அத நான் செய்றதில்ல. இடுப்பு வலிக்குத்தான் பாக்கறேன், அதுவும் அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு.” “அப்பத் திரும்பாதுங்களா?” “திரும்பலாம், திரும்பாமலும் போலாம். இத்தன வாரம் ஆயிடுச்சு. அவங்க டாக்டர் சொல்றதக் கேக்கறதுதான் நல்லது.” இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறி நின்றது, குளிரில் நிற்பதுபோல. “நாங்க கேப்பமுங். இவ கேக்கோணுமே. கையெழுத்துப் போட மாட்டீங்கறா. முதுகுல ஊசின்னா பயம். நான் என்னத்தச் சொல்லறது? மாமியா சொன்னா கேக்கற காலமுங்களா? சொல்லோணும்னா எல்லாத்தையும் சொல்லோணும். வயித்துப்புள்ளக்காரிகிட்ட அதயெல்லாம் சொல்லக்கூடாதுங்.” “எதம்மா?” ஏசியின் சத்தத்துக்குள் அத்தையின் குரல் இன்னும் இறங்கியது. “நானும் இப்பிடித்தானுங் பொறந்தது. காலக் காட்டீட்டு நின்னுக்கிட்டனாமா, தலை வரலையாமா. வண்டி கட்டி ஆசுபத்திரி கொண்டுபோறதுக்குள்ள நான் வந்துட்டனுங், எங்கம்மா போயிட்டா. காய்ச்சல்னு சொல்லி வெச்சிருக்கறமுங், எம் மகனுக்கே தெரியாது.” பாதம் கீழே இறங்கியது. “ஊரெல்லாம் வந்து இந்தக் காலுல ஒத வாங்கீட்டுப் போகுது. நல்லாகுதுங்கறாங்க. ஆகட்டும். மொதல்ல இது யார ஒதச்சுதுன்னு எனக்குத்தானுங் தெரியும்.” நஸ்ரினின் கைகள் முதுகின் மேல் அசையாமல் இருந்தன. “இவகிட்ட சொல்லீராதீங்க டாக்டரம்மா. பயந்துக்குவா.”

பயந்தாள். ஆனால் பயம் முதுகுக்கு வரவில்லை, வேறெங்கோ போயிற்று, மிகவும் பழைய ஓர் இடத்துக்கு, மாட்டு வண்டிகள் போகும் பாதைக்கு. வண்டியில் ஒருத்தி படுத்திருக்கிறாள், மல்லாந்து, வானத்தைப் பார்த்து, அவளுக்கு முகம் இல்லை, கைகளும் இல்லை, எந்தத் துவாரத்தின் வழியாகவும் அவளை யாரும் பார்த்ததில்லை. ஒரு சின்ன இடது பாதம் மட்டும் வெளியே வந்து, வந்தது எந்த ஊர் என்று தெரியாமல் காற்றில் நிற்கிறது. அந்தப் பாதத்துக்கு நகம் கோணல். அன்றைக்கு ஸ்கேனுக்குப் பிறகு அத்தை பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். இழுத்து இழுத்துப் பார்த்த துணி முள்ளிலிருந்து தானாக விடுபட்டது, கிழிந்துகொண்டு. ஜோக். புருஷன்கூடச் சிரித்தான். உங்ககிட்ட ஒத வாங்கறதுக்கா. கண்ணிலிருந்து புறப்பட்டது கன்னத்துக்குப் போக வழியில்லாமல், மூக்கு நுனிக்கு வந்து, சற்றே யோசித்து, நேராகக் கீழே விழுந்தது. டைல்ஸில், கீறலுக்குப் பக்கத்தில், அத்தையின் விரல்களுக்கு ஒரு சாண் முன்னால். இன்னொன்றும் விழுந்தது. “ஏசி ஒழுகுதாட்ட இருக்குதுங் டாக்டரம்மா,” என்றாள் அத்தை. “ஆரோ வழுக்கி உழுந்துருவாங்க.” இடது பாதம் முன்னால் வந்து, பெருவிரலை மடக்கி, அந்த இரண்டு சொட்டையும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று துடைத்துவிட்டுத் திரும்பிப் போய் நின்றது. பள்ளத்துக்குள் வயிறு விழித்துக்கொண்டது. உள்ளேயிருந்து, கீழே, மிகக் கீழே, ஒரு குதிகால் அவளை மெல்ல எத்தியது. அது திரும்பவில்லை. அதே தலைமாடு, அதே கால்மாடு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அதற்கென்று ஒரு வாசல் திறந்து எடுக்கட்டும். யாரையும் மிதிக்காமல் வரட்டும்.

“மெதுவா ஒருக்களிச்சு எந்திரிங்க,” என்று நஸ்ரின் கையைக் கொடுத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். திருவெலும்பு ஊரில் பாதிப் பேர் வெளியூர் போயிருந்தார்கள், மீதிப் பேர் இருந்தார்கள். முகத்தில் வளையத்தின் அச்சு விழுந்திருந்தது. அத்தை அவள் முகத்தைப் பார்த்து, “என்னம்மிணி, மூஞ்சியெல்லாம் தட்டு வெச்சு அமுத்துனாப்பல கெடக்குது,” என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே சேலையை இழுத்துப் பாதத்தை மூடினாள். அம்சவேணி தண்ணீரைக் குடித்தாள். வெளியே வரவேற்பில் இருந்த பெண் நோட்டைப் புரட்டி, “அடுத்தது இருபத்தாறாம் தேதி போட்டுடவாங்க்கா?” என்று கேட்டாள்.

“இருபத்தாறு வேண்டாம். அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருப்பேன்,” என்றாள் அம்சவேணி. “ஆப்பரேஷன். நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்.”

அத்தை குனிந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடினாள். செருப்பு அங்கேயேதான் இருந்தது. கொஞ்ச நேரம் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலாத்தாள் கதவைத் திறந்தபோது வாசலில் மில் மேஸ்திரியும் பூக்கடைக்காரரும் நின்றிருந்தார்கள். மூன்றாவதாக, வெறும் வயிற்றோடு, அம்சவேணி நின்றிருந்தாள்.